மைய டிஃபரன்ஷியல்: அந்தத் திருகு உண்மையில் எதை மாற்றுகிறது?

நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் போகும் வேகக் கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "திருகை ஒரு பக்கம் தள்ளினால் 65 சதவீத சக்தி பின் சக்கரங்களுக்குப் போகும், மறுபக்கம் தள்ளினால் பாதிக்குப் பாதி." கேட்பதற்கு எளிமையாக இருப்பதால் இது நன்றாகப் பரவிவிட்டது. ஆனால் இதன் முதல் பாதி அரைகுறை உண்மை, இரண்டாம் பாதி தவறு. பேச்சளவில் நின்றுவிட்டால் கவலையில்லை. இதை நம்பி ஈரச் சாலையில் திருகைத் திருப்புகிறவர், கார் ஒரு விதமாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பார். அது வேறு விதமாக நடந்துகொள்ளும்.

சுபாருவின் டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ கார்களில் கியர் நெம்புகோலுக்கு அருகே இருக்கும் சிறிய சக்கரமும், மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் கார்களில் டார்மாக் (தார்), கிராவல் (ஜல்லி), ஸ்னோ (பனி) என்று மூன்று நிலைகளைக் காட்டும் பொத்தானும்தான் நாம் திருகு என்று சொல்பவை. இவை சக்தியைச் சதவீதக் கணக்கில் பங்கு பிரித்துக் கொடுப்பவை அல்ல. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்ட வேகத்தில் சுழலலாம் என்பதற்குக் கடிவாளம் போடுபவை. சதவீதம் அதன் விளைவாகத் தானே அமைகிறது, அதுவும் நொடிக்கு நொடி மாறுகிறது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வளைவில் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு பாதைகள்

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவரின் வலது காலையும் மற்றவரின் இடது காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடும் விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். நேராக ஓடும்போது பெரிய சிரமம் இல்லை. திரும்ப வேண்டிய இடத்தில்தான் தகராறு. வெளிப்பக்கம் இருப்பவர் நீளமாக எட்டு வைக்க வேண்டும், உள்ளே இருப்பவர் குறுக்கிக்கொள்ள வேண்டும். கட்டு இறுக்கமாக இருந்தால் இருவரும் தடுமாறுவார்கள், அல்லது திரும்பவே முடியாமல் நேராகப் போவார்கள். கட்டை அவிழ்த்துவிட்டால் திரும்புவது எளிது. ஆனால் சேற்றில் ஒருவருக்குக் கால் வழுக்கினால் தாங்கிப் பிடிக்க மற்றவர் இல்லை. கட்டைத் தளர்த்தவும் இறுக்கவும் முடிந்தால்? மாற்றியமைக்கக்கூடிய மைய டிஃபரன்ஷியல் செய்யும் வேலை அதுதான்.

காரில் இந்த வேறுபாடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே 2.6 மீட்டர் தூரம் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதை மெதுவாக ஒரு குறுகிய வட்டத்தில் சுற்றவிடுகிறோம். முன் சக்கரங்களின் சராசரிப் பாதைக்கு ஆரம் 5.5 மீட்டர். முழு வட்டம் முடிவதற்குள் முன் சக்கரங்கள் சராசரியாக 34.6 மீட்டர் உருண்டிருக்கும். பின் சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருவதால் அவை உருண்டது 30.5 மீட்டர்தான். ஒரே ஒரு சுற்றில் சுமார் 4 மீட்டர் வேறுபாடு. இதற்கு இடம் கொடுக்காவிட்டால் ஏதாவது ஒரு டயர் சாலையில் தேய்ந்துகொண்டே இழுபட வேண்டியதுதான்.

அதே கார் 100 மீட்டர் ஆரமுள்ள அகன்ற வளைவில் போனால் வேறுபாடு 628 மீட்டருக்கு வெறும் 21 சென்டிமீட்டர். வேகமாகப் போகும் பெரிய வளைவுகளில் பாதை நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே முன், பின் வேகங்கள் வேறுபடுவது டயர் வழுக்குவதால். இந்த இரண்டு காரணங்களையும் குழப்பிக்கொள்வதால்தான் பல விளக்கங்கள் வழிதவறுகின்றன.

டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி

சுழலும் தண்டு ஒன்று தன்னோடு இணைந்ததைத் திருக முயலும் விசையை முறுக்குவிசை என்கிறோம். எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் வழியாக வருவது இதுதான். ஒரு தண்டில் வரும் முறுக்குவிசையை இரண்டு தண்டுகளுக்குப் பிரித்து, அந்த இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி டிஃபரன்ஷியல். நான்கு சக்கரங்களையும் எப்போதும் இயக்கும் காரில் இது மூன்று இடங்களில் இருக்கும். முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று. இவை இடது, வலது சக்கரங்களுக்கு இடையே வேலை செய்பவை. மூன்றாவது இந்த இரண்டு அச்சுகளுக்கும் நடுவே. நாம் பேசிக்கொண்டிருக்கும் மைய டிஃபரன்ஷியல் அதுதான்.

எந்தக் கட்டும் இல்லாத டிஃபரன்ஷியலைத் திறந்த டிஃபரன்ஷியல் என்பார்கள். அது வேகத்தை விட்டுக்கொடுக்கும், முறுக்குவிசையின் விகிதத்தை விட்டுக்கொடுக்காது. அந்த விகிதத்தைப் பற்சக்கரங்களின் அளவே தீர்மானித்துவிடுகிறது. உள்ளே இருப்பவை சமமான பற்சக்கரங்கள் என்றால் 50:50. சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல அமைந்த கோள் பற்சக்கரத் தொகுதி என்றால் சமமற்ற விகிதம் கிடைக்கும். 1966-இல் வெளிவந்த ஜென்சன் எஃப்எஃப், முன்னுக்கு 37, பின்னுக்கு 63 என்று பிரித்தது. ஃபோர்டு எஸ்கார்ட் காஸ்வொர்த்தில் 34:66. டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ-யின் பிற்காலப் பதிப்புகளில் 41:59. இந்த எண்கள் பட்டறையில் பற்களை வெட்டும்போதே முடிவானவை. ஓட்டுநர் எந்தத் திருகைத் திருப்பினாலும் பற்களின் எண்ணிக்கை மாறப்போவதில்லை.

இந்த நிலையான விகிதத்தில் ஒரு பெரிய பலவீனம் ஒளிந்திருக்கிறது. 40:60 என்று பிரிக்கும் திறந்த டிஃபரன்ஷியல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரங்கள் பனிக்கட்டியின் மேல் நிற்கின்றன. அவை 60 அலகுக்கு மேல் தாங்காமல் வழுக்கிவிடுகின்றன. முன் சக்கரங்களுக்கு அருமையான பிடிப்பு இருந்தாலும் அவற்றுக்குக் கிடைப்பது 40 அலகுதான். விகிதம் அப்படி. எஞ்சினில் இன்னும் எவ்வளவு இருந்தாலும் அது பின் சக்கரங்களை வீணாகச் சுழற்றவே செலவாகும். அதனால்தான், திருகை முழுக்கத் திறந்த நிலைக்குக் கொண்டுபோனால் கார் பின்சக்கர இயக்கக் காராக மாறிவிடும் என்ற நம்பிக்கை பிழையானது. விகிதம் பின்பக்கம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். முன் சக்கரங்கள் தங்கள் பங்கைப் பெற்றுக்கொண்டேதான் இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், திறந்த டிஃபரன்ஷியலில் வேகம் சுதந்திரமானது, முறுக்குவிசையின் விகிதம் கட்டுப்பட்டது. வளைவதற்கு நல்லது, வழுக்கலுக்கு ஆகாது.

பூட்டினால் எல்லாம் தலைகீழ்

முன், பின் தண்டுகளை அசையாமல் ஒன்றாகப் பிணைத்துவிடுவதைப் பூட்டுதல் என்கிறோம். இப்போது இரண்டு அச்சுகளும் ஒரே சராசரி வேகத்தில்தான் சுழல முடியும். வேகம் கட்டுப்பட்டுவிட்டது. முறுக்குவிசையின் விகிதமோ இப்போது சுதந்திரமாகிவிட்டது. எந்த அச்சின் டயர்களுக்குத் தாங்கும் பிடிப்பு இருக்கிறதோ அந்தப் பக்கம் அது போய்ச் சேரும்.

"பூட்டினால் 50:50" என்ற பேச்சு உடைவது இங்கேதான். பூட்டிய காரில் சமமாக இருப்பது வேகம். முன் சக்கரங்கள் கண்ணாடிபோன்ற பனியிலும் பின் சக்கரங்கள் காய்ந்த தாரிலும் இருந்தால், கிட்டத்தட்ட 100 சதவீத முறுக்குவிசையும் பின்னுக்கே போகும். இடம் மாறினால் முன்னுக்கே போகும். நான்கு சக்கரங்களும் ஒரே மாதிரித் தரையில், ஒரே மாதிரி எடையைச் சுமந்துகொண்டு, நேராகப் போகும்போது மட்டும் அது பாதிக்குப் பாதியை நெருங்கும்.

இடையில் இருக்கும் கிளட்ச்

திறந்ததற்கும் பூட்டியதற்கும் நடுவே எண்ணற்ற நிலைகளைத் தருவதுதான் மாற்றியமைக்கக்கூடிய மைய டிஃபரன்ஷியல். பல மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்ட ஒரு கிளட்ச், டிஃபரன்ஷியலோடு சேர்ந்து, முன் தண்டையும் பின் தண்டையும் உராய்வால் பிணைக்கிறது. தகடுகளை அழுத்தும் விசை கூடினால் கட்டு இறுகும், குறைந்தால் தளரும். எஸ்டிஐ-யில் மின்காந்தம் அழுத்துகிறது. எவல்யூஷனில் எண்ணெய் அழுத்தம். திருகு கட்டுப்படுத்துவது இந்த அழுத்தத்தை.

இந்தக் கிளட்சுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. வேகமாகச் சுழலும் தண்டிலிருந்து முறுக்குவிசையை எடுத்து, மெதுவாகச் சுழலும் தண்டுக்குக் கொடுக்கும். ஒருபோதும் எதிர்த்திசையில் கொடுக்காது. கட்டுரை முழுவதிலும் மனப்பாடம் செய்துகொள்ள ஒன்று உண்டென்றால் இதைத்தான் சொல்வேன்.

எண்களை வைத்துப் பார்ப்போம். பற்சக்கர விகிதம் 40:60. எஞ்சினிலிருந்து 300 அலகு வருகிறது. கிளட்ச் முழுக்கத் தளர்ந்திருந்தால் முன்னுக்கு 120, பின்னுக்கு 180. இப்போது திருகைச் சற்று இறுக்குகிறோம். கிளட்ச் அதிகபட்சம் 50 அலகைக் கடத்தும் என்று வைத்துக்கொள்வோம். வளைவை விட்டு வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம், பின் சக்கரங்கள் லேசாக வழுக்கி வேகமாகச் சுழல்கின்றன. கிளட்ச் பின்னிருந்து 50-ஐ எடுத்து முன்னுக்குக் கொடுக்கிறது. முன்னுக்கு 170, பின்னுக்கு 130.

திருகைத் தொடவே இல்லை. அதே 300 அலகு. ஆனால் இம்முறை முன் சக்கரங்கள் வேகமாகச் சுழல்கின்றன. கிளட்ச் முன்னிருந்து 50-ஐ எடுத்துப் பின்னுக்குக் கொடுக்கிறது. முன்னுக்கு 70, பின்னுக்கு 230. ஒரே திருகு நிலை, முற்றிலும் வேறான இரண்டு பங்கீடுகள்! திருகின் ஒரு நிலைக்கு ஒரு சதவீதத்தை எழுதி ஒட்ட முடியாது என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னும் ஒரு படி போகலாம், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆக்ஸிலரேட்டரை மிக லேசாக மிதித்தபடி குறுகிய இடத்தில் காரைத் திருப்புகிறோம். எஞ்சினிலிருந்து வருவது 60 அலகுதான். முன்னுக்கு 24, பின்னுக்கு 36. குறுகிய வளைவு என்பதால் முன் சக்கரங்கள் வேகமாக உருள வேண்டியிருக்கிறது. கிளட்ச் முன்னிருந்து 50-ஐ எடுக்கிறது. 24-இல் 50 போனால் மிஞ்சுவது மைனஸ் 26. அதாவது முன் சக்கரங்களை யாரோ பிரேக் பிடிப்பதுபோல் கிளட்ச் பின்னுக்கு இழுக்கிறது. பின் சக்கரங்களோ 86 அலகோடு காரை முன்னால் தள்ளுகின்றன. கட்டை இறுக்கிவைத்துக்கொண்டு காரை நிறுத்தும்போது டயர்கள் கிறீச்சிடுவதும், கார் விக்கி விக்கி நகர்வதும் இதனால்தான். பழுதென்று பயந்து பட்டறைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் திருகைத் தளர்த்தினாலே அது நின்றுவிடும்.

வேக வேறுபாடே இல்லாத நேரத்தில் கிளட்ச் தன் முழுத் திறனையும் கடத்துவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 50 என்பது உச்ச வரம்பு. அந்த வரம்புக்குள் டயர்களின் பிடிப்பு கேட்கும் அளவே கடந்துபோகும்.

இந்தக் கருவி வந்த வழி

1980-இல் அறிமுகமான ஆடி குவாட்ரோவில் ஓட்டுநர் கையால் பூட்டும் மைய டிஃபரன்ஷியல் இருந்தது. திறந்தது அல்லது பூட்டியது, நடுவே எதுவும் இல்லை. 1987-இல் வந்த லான்சியா டெல்டா இன்டெக்ரேல், கெட்டியான சிலிக்கோன் திரவம் நிரம்பிய இணைப்பைப் பயன்படுத்தியது. வேக வேறுபாடு கூடக்கூட அது தானே இறுகும். ஓட்டுநர் தலையிட வழியில்லை. 1990-களின் நடுவில் சுபாரு, போட்டிகளை மனதில் வைத்துச் செய்த இம்ப்ரெசாக்களில் திருகைக் கொடுத்தது. 2001-இல் ஏழாவது எவல்யூஷனில் மிட்சுபிஷி, கணினியே அழுத்தத்தை மாற்றும் அமைப்பைக் கொண்டுவந்தது. சுபாருவும் பின்னர் ஆட்டோ நிலையைச் சேர்த்தது. அதிலேயே சற்று இறுக்கமான ஆட்டோ பிளஸ், சற்றுத் தளர்வான ஆட்டோ மைனஸ் என்று இரண்டு சாயல்களும் வந்தன.

உலக ராலி சாம்பியன்ஷிப்பின் விதிகள் இந்தக் கருவியோடு ஆடிய ஆட்டம் சுவையானது. 2011 முதல் 2016 வரை அந்தக் கார்களில் மைய டிஃபரன்ஷியலே கிடையாது. 2017-இல் கணினி கட்டுப்படுத்தும் மைய டிஃபரன்ஷியல் திரும்பி வந்தது. 2022-இல் ராலி1 என்ற புதிய கார் வகையின் விதிகளோடு மறுபடியும் போய்விட்டது. ஜல்லியிலும் பனியிலும் வழுக்கிக்கொண்டே ஓடும் காருக்கு அது இல்லாமலும் சமாளிக்க முடிகிறது, ஏனென்றால் அங்கே டயரே வழுக்கி வேறுபாட்டைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் ஓடும் சாலைக் காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 1989-இன் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஹால்டெக்ஸ் வகை இணைப்பு கொண்ட கார்கள், டொயோட்டா ஜிஆர் யாரிஸ் போன்றவற்றில் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை, கிளட்ச் மட்டும்தான். ஒரு அச்சு நேரடியாக இயங்கும், மற்ற அச்சைக் கிளட்ச் தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளும். அவற்றின் கதை வேறு. ஆனால் "வேகமானதிலிருந்து மெதுவானதற்கு" என்ற விதி அங்கேயும் மாறாது.

வளைவில் என்ன உணர்வீர்கள்

ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் முன்பக்கம் வெளியே நழுவுவது அண்டர்ஸ்டீயர். பின்பக்கம் வெளியே வீசப்பட்டு, தேவைக்கு மேல் கார் திரும்பிவிடுவது ஓவர்ஸ்டீயர். கட்டை இறுக்கினால் அண்டர்ஸ்டீயர், தளர்த்தினால் ஓவர்ஸ்டீயர் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். வளைவின் எந்தக் கட்டத்தில் என்று கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

வளைவுக்குள் நுழையும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம். எஞ்சின் இப்போது சக்கரங்களைத் தடுக்கிறது. 40:60 பங்கீட்டில் அந்தத் தடுப்பிலும் 60 பங்கு பின்னுக்குத்தான். எடையும் முன்பக்கம் சாய்ந்துவிட்டதால் பின் டயர்களுக்குப் பிடிப்பு குறைவு. வழுக்கும் சாலையில் பின் சக்கரங்கள் மெதுவாகி, பின்பக்கம் நழுவத் தொடங்கும். கட்டு இறுக்கமாக இருந்தால் வேகமாக உருளும் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களையும் சேர்த்து உருட்டும். கார் நிதானமாக இருக்கும், ஆனால் திரும்பத் தயங்கும். கட்டு தளர்வாக இருந்தால் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும், பின்பக்கத்தை அடக்க ஆளில்லை.

நடு வளைவில், அதுவும் குறுகிய வளைவில், மைனஸ் 26 கணக்குதான் ஆட்சி செய்யும். இறுகிய கட்டு காரை நேராகத் தள்ளும்.

வெளியேறும்போது கதை மாறுகிறது. மிதித்ததும் பின் சக்கரங்கள் வழுக்க முயலும். இறுகிய கட்டு அந்த உபரியை முன்னுக்கு அனுப்பி ஓவர்ஸ்டீயரை அடக்கி, காரை வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு போகும். இந்த வகைக் கார்களை ஓட்டுகிறவர்கள் மயங்குவது இந்தக் கணத்தில்தான். மயங்குவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அளவுக்கு மீறி முன்னுக்குப் போனால், திரும்புவதற்குத் தேவையான பிடிப்பை முன் டயர்கள் இழந்துவிடும்.

ஆகவே ஒரே இறுக்கம் நுழைவில் காரை நிதானப்படுத்துகிறது, நடுவில் முரண்டு பிடிக்கவைக்கிறது, வெளியேறும்போது உதவுகிறது. கணினி கட்டுப்படுத்தும் அமைப்பு வென்றதற்குக் காரணம், ஸ்டீயரிங் கோணம், ஆக்ஸிலரேட்டர், பிரேக், சக்கர வேகங்கள், கார் பக்கவாட்டில் திரும்பும் வேகம் ஆகியவற்றைப் பார்த்து, ஒரே வளைவுக்குள் இந்தக் கட்டங்களுக்கு ஏற்ப இறுக்கத்தை அதனால் மாற்ற முடிகிறது. எந்த மனிதக் கையும் அந்த வேகத்தில் திருகைத் திருப்ப முடியாது.

டயருக்கு உள்ளது ஒரே கையிருப்பு

ஒரு டயர் சாலையைப் பற்றிக்கொள்ளும் மொத்தத் திறனை 100 என்று வையுங்கள். காரை முன்னால் தள்ளுவது, நிறுத்துவது, திருப்புவது எல்லாம் இந்த 100-லிருந்துதான். ஆனால் கணக்கு நேர்க்கழித்தல் அல்ல. செங்கோண முக்கோணக் கணக்கு. தள்ளுவதற்கு 60 செலவானால் திரும்புவதற்கு 80 மிஞ்சும். தள்ளுவதற்கு 80 செலவானால் திரும்புவதற்கு 60 மிஞ்சும். தள்ளுவதற்கே 100-ம் போய்விட்டால் திரும்புவதற்கு ஒன்றுமில்லை.

மைய டிஃபரன்ஷியல் இந்த 100-ஐ 101 ஆக்காது. எந்த டயரின் கையிருப்பிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதை மட்டும் மாற்றும். நான்கு சக்கர இயக்கம் தரும் பாதுகாப்பைப் பற்றிய மிகப் பெரிய மயக்கம் இங்கேதான் பிறக்கிறது. இயக்கம் நான்கு சக்கரங்களுக்குப் போவதால் வேகமெடுப்பது எளிது. பிரேக்கோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. நிறுத்துவதில் இந்தக் காருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த நல்ல தாரில் முழு பிரேக்கில் நிற்க ஏறக்குறைய 44 மீட்டர் எடுத்துக்கொள்ளும். ஈரத்தில் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அது 65 மீட்டராகும். இறுகிய பனியில் 200 மீட்டரைத் தொட்டுவிடலாம். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. இருசக்கர இயக்கக் கார், பனியில் புறப்படும்போதே சக்கரம் சுழன்று எச்சரித்துவிடும். நன்கு அமைந்த நான்கு சக்கர இயக்கக் காரில் அந்த எச்சரிக்கை கேட்பதில்லை. சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதை முதல் பிரேக்கில்தான் ஓட்டுநர் அறிகிறார். என் கருத்தில் இந்தக் கார்களின் உண்மையான அபாயம் இதுவே. டிஃபரன்ஷியல் அமைப்பெல்லாம் அதற்கு அடுத்துதான்.

பிரேக்கைப் பற்றிப் பேசும்போது ஏபிஎஸ்ஸையும் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எந்தச் சக்கரம் சுழலாமல் உறைகிறது என்று கண்டறிந்து, அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் விட்டுவிட்டுப் பிடிக்கும் அமைப்பு அது. அதற்கு ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் சுழல வேண்டும். மையத்தைப் பூட்டிவிட்டால் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உண்மையான வேகத்தை மறைத்துவிடும். ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துக் காரை நேராக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுக்கும் இதே சிக்கல்தான். அதனால் கணினி கட்டுப்படுத்தும் பல அமைப்புகள் இவை வேலை செய்யும் நேரத்தில் மையக் கிளட்சைத் தளர்த்திவிடுகின்றன. கையால் இறுக்கிவைத்த அமைப்பில் எல்லாக் காரும் இப்படி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் காரின் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். கைபிரேக்கும் அப்படித்தான். பூட்டிய நிலையில் அது பின் சக்கரங்களோடு முன் சக்கரங்களையும் எஞ்சினையும் சேர்த்துப் பிடிக்கப் பார்க்கும். எவல்யூஷனின் அமைப்பு, கைபிரேக்கை இழுத்ததும் கிளட்சைத் தானே விடுவித்துவிடும்.

எந்தச் சாலைக்கு எந்த நிலை

பொதுச் சாலையில் ஆட்டோ நிலை இருந்தால் அதில் விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கையால் மட்டுமே மாற்றக்கூடிய கார் என்றால், காய்ந்த தாரில் தளர்வான பக்கத்தில் வையுங்கள். மழையில் சற்று இறுக்கலாம். வேகமெடுக்கும்போதும் காலை எடுக்கும்போதும் பின்பக்கம் நிதானமாக இருக்கும். ஜல்லி, மண், பனி ஆகியவற்றில் இன்னும் இறுக்கலாம். அங்கே டயர் வழுக்குவதால் தண்டுகள் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொள்ளாது. முழுப் பூட்டு என்பது சேற்றிலோ மணலிலோ பனியிலோ சிக்கிக்கொண்டு வெளியேற வேண்டிய நேரத்துக்கு. பிடிப்பான தரைக்கு வந்ததும் அதை விடுவித்துவிட வேண்டும்.

வளைவின் நடுவில் திருகைத் தொடாதீர்கள். பிடிப்பின் விளிம்பில் இருக்கும் டயருக்குத் திடீரென்று 50 அலகு கூடுவதோ குறைவதோ போதும், கார் நிலைகுலைய. மாற்ற வேண்டுமென்றால் நேர்ச்சாலையில், லேசான மிதியில் மாற்றுங்கள்.

இன்னொரு ஆபத்தான சங்கிலியும் உண்டு. வளைவில் அதிக வேகத்தில் நுழைந்து முன்பக்கம் நழுவுகிறது. ஓட்டுநர் பதற்றத்தில் ஸ்டீயரிங்கை மேலும் திருப்புகிறார், பலனில்லை. உடனே காலை முழுக்க எடுத்துவிடுகிறார். எடை முன்னால் பாய்கிறது, ஏற்கெனவே அதிகமாகத் திருப்பி வைத்த முன் டயர்களுக்குப் பிடிப்பு திடீரென்று திரும்புகிறது, பின்பக்கம் வீசுகிறது. திருகு எந்த நிலையில் இருந்தாலும் இதற்கு விடை ஒன்றுதான். காலை மெல்லத் தளர்த்தி, ஸ்டீயரிங்கையும் சற்றுத் தளர்த்தி, முன் டயர்கள் மறுபடி பற்றிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். இதைப் பழகும் இடம் மூடிய மைதானம், பயிற்சியாளரின் பக்கத்தில்.

டயர் தேய்மானமும் இழுத்துச் செல்வதும்

முன்னும் பின்னும் ஒரே அளவான டயர்கள் இருக்க வேண்டும் என்பது அழகுக்காகச் சொல்வதில்லை. 640 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர்களில், முன்னால் 8 மில்லிமீட்டர் ஆழப் பள்ளங்களோடு புதியவையும், பின்னால் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்தவையும் இருக்கின்றன என்று கொள்வோம். விட்டத்தில் 10 மில்லிமீட்டர் வேறுபாடு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின் சக்கரங்கள் ஏறக்குறைய 8 சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டும், நேர்ச்சாலையில்கூட. மையம் திறந்திருந்தால் பற்சக்கரங்கள் ஓயாமல் சுழன்று அதைச் சரிக்கட்டும். இறுக்கியிருந்தால் கிளட்ச் தகடுகள் இடைவிடாமல் உராய்ந்து சூடாகும், அல்லது டயர் தேயும். கட்டுப்பாட்டுக் கணினியும் இதை வழுக்கல் என்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். எனவே ஒரு டயர் பழுதானால் நான்கின் தேய்மானத்தையும் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அளவில் சிறிய மாற்றுச் சக்கரத்தை மாட்டினால் மையத்தை முழுக்கத் திறந்துவிட்டு, மெதுவாக, கையேடு அனுமதிக்கும் தூரம் மட்டும் ஓட்டுங்கள்.

வண்டி நின்றுபோய் வேறொரு வாகனத்தால் கொண்டுபோக வேண்டி வந்தால், நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாதபடி தட்டையான மேடையில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு சக்கரங்களைத் தூக்கி இரண்டை உருளவிட்டால் முழு வேக வேறுபாடும் மைய டிஃபரன்ஷியலின் தலையில்தான் விழும். ஒரு அச்சை மட்டும் உருளைகளில் வைத்துச் சுழற்றும் பிரேக் சோதனை, சக்தி சோதனைக் கருவிகளிலும் இதே கதிதான். காரை அங்கே ஒப்படைப்பதற்கு முன்பு, இது மைய டிஃபரன்ஷியல் உள்ள கார் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பார்த்தவுடன் தெரியும் அடையாளம் வெளியே எதுவும் இருக்காது.